கொலுப்படியா, ஒர்க்‌ஷீட்டா, போனா? பண்டிகை விடுமுறையில் மழலைக்கு எழுத்தும் எண்ணும்

காலாண்டு விடுமுறையும் நவராத்திரியும் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டே வரும். பிரீகேஜி, எல்கேஜி குழந்தை நாள் முழுக்க வீட்டில். பாட்டி கொலுவில், அம்மா ஆபீஸ் வேலைக்கும் சுண்டலுக்கும் நடுவில். இந்தச் சமயத்தில் வாசகர்களிடமிருந்து வருவது ஏறக்குறைய ஒரே கேள்வி: "பண்டிகையை வைத்தே எழுத்தும் எண்ணும் சொல்லித் தரலாமாமே, எதைச் செய்வது? பிரிண்ட் எடுக்கவா, கடையில் எழுத்து செட் வாங்கவா, இல்லை போனில் ஏதாவது போட்டுவிடவா?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்ணக் கற்றுக்கொள்ளப் பண்டிகை நடக்கும் வீட்டைப் போல வசதியான இடம் வேறு இல்லை. தமிழ் எழுத்துக்குப் பண்டிகை அவ்வளவு தூரம் கைகொடுக்காது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே வழியைத் தேடுவதால்தான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளை மனதில் வைத்தே கீழே உள்ளதை எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

எண்ணுகிறதா, ஒப்பிக்கிறதா? "எங்க பொண்ணு இருபது வரைக்கும் சொல்லுவா" என்று பெருமைப்படாத வீடு கிடையாது. அந்தப் பெண்ணிடமே "நாலு பூ எடுத்துக் குடு கண்ணு" என்று கேட்டுப் பாருங்கள். மூன்று வயதுக் குழந்தை பெரும்பாலும் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுக்கும். ரோஷெல் கெல்மன், சி. ஆர். காலிஸ்டல் என்ற இரு உளவியலாளர்கள் 1978இல் எண்ணும் திறமையை ஐந்து விதிகளாகப் பிரித்துக் காட்டினார்கள். வீட்டில் நமக்கு வேண்டியவை அவற்றில் மூன்று: ஒரு பொருளுக்கு ஒரே ஒரு எண், எண்களின் வரிசை மாறாது, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம்.

இதில் மூன்றாவதுதான் குழந்தைக்குத் தாமதமாகப் பிடிபடும். கீழ்ப்படியில் ஐந்து பொம்மை இருக்கிறது. விரலால் ஒவ்வொன்றாகக் காட்டி "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு" என்று தப்பில்லாமல் சொல்லிவிடும். "அப்போ எத்தனை பொம்மை?" என்று கேட்டால், திரும்பவும் முதல் பொம்மைக்குப் போய் "ஒண்ணு, ரெண்டு..." என்று தொடங்கும். 'எத்தனை' என்றால் 'எண்ணிக் காட்டு' என்றுதான் அதற்கு இதுவரை புரிந்திருக்கிறது. இந்தக் கட்டத்தைத் தாண்டுவதற்கு எந்த வழி உதவுகிறது என்பதே எண் விஷயத்தில் நான் பார்க்கிற முதல் அளவுகோல்.

கை தயாராகிவிட்டதா? மூன்று வயதில் குழந்தைக்கு வட்டம் வரும். கூட்டல் குறி நாலு வயதை ஒட்டி வரும். சதுரம் நாலரை, ஐந்து ஆகும்போதுதான் ஒழுங்காக வரும். இதைத் தமிழ் எழுத்தின் மேல் பொருத்திப் பாருங்கள். ட என்பது மேலிருந்து கீழே ஒரு கோடு, பிறகு பக்கவாட்டில் ஒரு கோடு. முடிந்த இடத்திலிருந்து இன்னொரு கோட்டை மேலே இழுத்தால் ப. ஆனால் அ-வில் சுழி, வளைவு, படுக்கைக்கோடு, நிமிர்ந்த கோடு எல்லாம் இருக்கின்றன. இ இன்னும் கஷ்டம். அகரவரிசை அகராதிக்கு வசதி, பிஞ்சு விரலுக்கு வசதியான வரிசை வேறு. விஜயதசமியன்று தாத்தா மடியில் உட்கார வைத்து நெல்லில் 'அ' எழுத வைப்பது சடங்கு. அதைச் சந்தோஷமாகச் செய்யுங்கள். மறுநாள் காலை நோட்டைக் கொடுத்து "நேத்து எழுதினியே, எழுது" என்று மட்டும் கேட்காதீர்கள்.

பெரியவர்கள் நேரம். தயார் செய்யும் நேரம், கூட உட்காரும் நேரம், சுத்தம் செய்யும் நேரம் மூன்றையும் கூட்ட வேண்டும். பத்து நிமிஷ விளையாட்டு என்று சொல்லப்படுவது பலவும் உண்மையில் முக்கால் மணி நேரம். பண்டிகை வாரத்தில் பணத்தைவிடத் தட்டுப்பாடு இதற்குத்தான்.

கண்ணுக்குத் தெரியாத செலவும் ஆபத்தும். பிரிண்டர் மை, எறும்பு, உடைந்த மண் பொம்மை, வாய்க்குள் போகிற கடலை எல்லாமே கணக்கில் சேரும்.

பண்டிகையோடு மோதாமல் நடக்குமா? ஒரு உதாரணம் போதும். சரஸ்வதி பூஜையன்று புத்தகம், நோட்டு, பென்சில் எல்லாம் பூஜையில் ஏறிவிடும். மறுநாள் எடுக்கும்வரை படிக்கக் கூடாது, எழுதக் கூடாது என்பது பல வீடுகளில் இன்றும் வழக்கம். "தினம் ஒரு பக்கம்" என்று திட்டம் போட்டவர்கள் அன்றைக்குப் பாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | எண்ண | எழுத்துக்கு | பெரியவர் நேரம் | வெளிப்படையான செலவு | மறைந்த செலவு | பொருத்தமான வயது |
|---|---|---|---|---|---|---|
| கொலு, அடுக்களை வேலை | மிக நன்று | சுமார் | குறைவு. எப்படியும் செய்யும் வேலைதான் | இல்லை | வேலை மெதுவாக நகரும். சின்னப் பொருள் ஆபத்து | 3 முதல் |
| மாவுத் தட்டு, கோலம் | நன்று | நன்று | நடுத்தரம். சுத்தம் செய்ய அதிகம் | மிகக் குறைவு | எறும்பு, வழுக்கல், தூசி | 3 முதல் |
| ஒர்க்‌ஷீட் | சுமார் | நாலரைக்குமேல் நன்று | நடுத்தரம் | பக்கத்துக்குச் சில ரூபாய் | மை, கடைக்கு நடை, வண்ணம் தீட்டலில் போகும் நேரம் | நாலரை முதல் |
| எழுத்து, எண் பெட்டி | சுமார் | நன்று, சரியானது கிடைத்தால் | குறைவு | சில நூறு ரூபாய் | தொலையும் துண்டுகள். காந்தம் | மூன்றரை முதல் |
| போன், டேப் | ஒப்பிக்க மட்டும் | அடையாளம் காண மட்டும் | மிகக் குறைவு | பெரும்பாலும் இலவசம் | விளம்பரம், அழுகை, தவறான உச்சரிப்பு | அளவோடு |

## கொலுவும் அடுக்களையும்

எண்களுக்கு என் முதல் தேர்வு இதுதான். காரணம், பண்டிகை வேலையில் பாதி எண்ணும் வேலை. அதை நாம் யோசிக்காமல் செய்துவிடுகிறோம்.

தாம்பூலப் பை போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் ஆறு பையை வரிசையாக வாய் திறந்து நிற்க வையுங்கள். குழந்தையின் வேலை, ஒவ்வொரு பையிலும் ஒரு வாழைப்பழம் போடுவது. ஒரு பைக்கு ஒரு பழம். ஒன்றில் இரண்டு போட்டால் கடைசிப் பைக்குக் கிடைக்காது. அந்தக் காலிப் பையே தப்பைச் சொல்லிக் கொடுத்துவிடும், நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். அடுத்த சுற்று, பைக்கு இரண்டு வெற்றிலை. பிறகு குங்குமப் பாக்கெட்டும் மஞ்சள் பாக்கெட்டும். கடைசியில் "மாமி ரெண்டு பேர் வந்திருக்காங்க, எத்தனை பை கொண்டு வருவ?" என்று கேளுங்கள். குழந்தை இரண்டு பையைத் தூக்கிக்கொண்டு வந்தால், அது ஒப்பிக்கும் கட்டத்தைத் தாண்டத் தொடங்கிவிட்டது. மூன்று பேர், நாலு பேர் என்று மெதுவாகக் கூட்டுங்கள். இந்தப் பயிற்சியைத் தருகிற ஒர்க்‌ஷீட்டை நான் பார்த்ததில்லை.

படிகளும் உதவும். கொலுப்படி ஒற்றைப்படையில்தான் இருக்கும்: 3, 5, 7, 9. ஒவ்வொரு படியின் ஓரத்திலும் ஒரு அட்டையில் எண்ணை எழுதிச் செருகிவிடுங்கள். கீழிருந்து மேலே போய், மேலிருந்து கீழே வந்தால் இறங்குவரிசையும் கிடைத்தது. நவராத்திரி ஒன்பது நாள் என்பது இன்னொரு வசதி. முதல் நாள் ஒரு பூ, இரண்டாம் நாள் இரண்டு பூ என்று ஒரு தட்டில் குழந்தை கையால் வைக்கச் சொல்லுங்கள். தினமும் ஒன்றிலிருந்து தொடங்கி எண்ண வேண்டும். ஒன்பதாம் நாள் தட்டு நிரம்பியிருக்கும், எண் 1 முதல் 9 வரை கண்ணுக்கும் பழகியிருக்கும்.

சிக்கலும் உண்டு. மண் பொம்மையும் காகிதக்கூழ் பொம்மையும் குழந்தை தொடுவதற்கானவை அல்ல. பண்ருட்டியிலிருந்தோ விளாச்சேரியிலிருந்தோ வந்தது கீழே விழுந்தால் போனதுதான். அடுக்கி முடித்த கொலுவை விஜயதசமி வரை கலைக்கக் கூடாது என்ற வழக்கம் வேறு. தொடாமல் எண்ணு என்றால் இந்த வயதுக்கு முடியாது. விரல் பட்டால்தான் எண் நிற்கும். அதனால் கொலுவுக்குப் பக்கத்தில் தரையில் போடும் பார்க்கை முழுசாகக் குழந்தைக்கே விட்டுவிடுங்கள். கேழ்வரகு விதைத்து முளைக்க வைத்த புல், பிளாஸ்டிக் மாடு, ஆடு, காய்கறிக்காரர், கிரிக்கெட் செட். "இன்னிக்கு பார்க்குக்கு மூணு மாடு வரட்டும்" என்றால் அதுவே பாடம். குத்துவிளக்கை மட்டும் எட்டாத இடத்துக்கு நகர்த்துங்கள்.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று. சுண்டலுக்கு ஊறவைத்த கொண்டைக்கடலையையோ பட்டாணியையோ எண்ணக் கொடுக்கலாம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். கொடுக்காதீர்கள். கடலை மூக்கிலும் போகும், காதிலும் போகும், மூச்சுக்குழாயிலும் போகும். நாலு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குச் சுண்டலையே மசித்துக் கொடுப்பதுதான் நல்லது. எலுமிச்சம்பழத்தைவிடச் சிறிய, உருண்டையான, கெட்டியான எதையும் இந்த வயதில் எண்ணும் பொருளாக எடுக்காதீர்கள் என்பது நினைவில் வைத்துக்கொள்ள எளிய அளவு. கொட்டைப்பாக்கும் பல்லாங்குழிச் சோழியும் இதில் அடங்கும். பல்லாங்குழியை இன்னும் ஓரிரு வருடம் கழித்து எடுக்கலாம். எலுமிச்சை, மஞ்சள் கிழங்கு, வெற்றிலை, வளையல், கிண்ணம் இவை போதும்.

நேரக் கணக்கில், தனியாக எதுவும் தயார் செய்ய வேண்டியதில்லை. ஆனால் ஐந்து நிமிஷத்தில் முடியும் தாம்பூலப் பை வேலை இருபது நிமிஷம் ஆகும். ஆறு மணிக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றால் ஐந்தே முக்காலுக்கு இதைத் தொடங்காதீர்கள். மதியமே முடித்துவிடுங்கள்.

மற்றப் பண்டிகைகளுக்கும் இதே வழி பொருந்தும். பொங்கலுக்குக் கரும்பு வந்தால் வெட்டும் முன் கணுக்களைத் தொட்டு எண்ணலாம். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்குப் பெரும்பாலும் ஐந்து முனை, குடிலில் எத்தனை ஆடு, எத்தனை மாடு. நோன்பு திறக்கும் நேரத்தில் ஆளுக்கொரு தட்டு, தட்டுக்கு மூன்று பேரீச்சம்பழம் என்று எடுத்து வைப்பது தாம்பூலப் பைக்குச் சற்றும் குறைந்ததல்ல. கொட்டை எடுத்த பழமாக இருக்கட்டும்.

## மாவுத் தட்டும் வாசல் கோலமும்

எழுத்துக்கு இதுதான் என் தேர்வு, குறிப்பாக நாலரை வயதுக்குள். பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தில் ரவையோ பச்சரிசி மாவோ மெல்லிசாகப் பரப்புங்கள். விரலால் ட, பிறகு ப. பென்சில் பிடிக்கத் தெரிய வேண்டாம், அழிக்கத் தட்டை ஒரு ஆட்டு ஆட்டினால் போதும், தப்பு என்று எதுவும் மிஞ்சாது. மாவின் உராய்வு விரலுக்குத் தெரிவதால் கோடு எங்கே திரும்புகிறது என்பதைக் கை நினைவில் வைத்துக்கொள்கிறது. பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் உ-வும் தன்னால் வந்துவிடும். நாலு வயதுக் குழந்தைக்கு அந்தச் சடங்கு ரொம்பப் பிடிக்கும்.

கோலத்தில் எண் ஒளிந்திருக்கிறது. மூன்று புள்ளியில் தொடங்கி இரண்டில் முடியும் ஊடுபுள்ளிக் கோலத்துக்கு 2, 3, 2 என்று மொத்தம் ஏழு புள்ளி. ஐந்து புள்ளி, மூன்று வரை என்றால் 3, 4, 5, 4, 3 என்று பத்தொன்பது. முதலாவது சின்னவளுக்கு, இரண்டாவது யூகேஜி போகும் அண்ணனுக்கு. புள்ளியை நீங்கள் சாக்பீஸால் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு சாமந்திப்பூ வைப்பது குழந்தையின் வேலை. கோடு இழுப்பது அந்த வயதில் வராது, வற்புறுத்த வேண்டாம்.

மறைந்த செலவு சுத்தம் செய்வதில் இருக்கிறது. அரிசி மாவுக்கு எறும்பு வரும். மொசைக் தரையில் சிந்திய மாவில் கால் வழுக்கும். கடையில் கோலமாவு என்று விற்பதில் பெரும்பகுதி கல்மாவு. அதன் தூசி கண்ணுக்கும் மூச்சுக்கும் ஆகாது. கலர்ப் பொடியும் அப்படியே. குழந்தை கை வைக்கும் தட்டில் சமையலறை ரவையையே போடுங்கள். அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் பால்கனியில் பழைய பெட்ஷீட் விரித்து அதன்மேல் தட்டை வைத்தால், முடிந்ததும் நாலு மூலையைப் பிடித்து உதறிவிடலாம். ஆஸ்துமா உள்ள குழந்தையென்றால் மாவு வேண்டாம். தண்ணீரும் பழைய பெயிண்ட் பிரஷும் கொடுத்துச் சிமெண்ட் தரையில் எழுதச் சொல்லுங்கள்.

சிலேட்டும் பலப்பமும் இதற்கு அடுத்த படி. பலப்பத்தைத் தின்னாத குழந்தையாக இருந்தால்.

## ஒர்க்‌ஷீட்

இங்கேதான் பண்டிகைத் தீம் அதிகமாக விற்கப்படுகிறது. ஆங்கில எழுத்துக்கு அது பொருந்தும். இருபத்தாறு எழுத்தில் எந்தப் பண்டிகைச் சொல்லை எடுத்தாலும் முதல் எழுத்து ஒன்று கிடைத்துவிடும். 'பி ஃபார் பொங்கல்' என்று போட்டுப் பானைக்கு வண்ணம் தீட்டச் சொல்லலாம்.

தமிழில் கதை வேறு. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. பண்டிகைச் சொற்கள் பெரும்பாலும் உயிர்மெய்யில், அதிலும் கொம்பும் காலும் போட்ட எழுத்தில் தொடங்குகின்றன. கொலுவுக்குக் கொ, பொம்மைக்குப் பொ, சுண்டலுக்குச் சு, தீபாவளிக்குத் தீ, குடிலுக்குக் கு, பிறைக்குப் பி. ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் இரு பக்கமும் நிற்கும் பொ-வை மூன்றரை வயதுக் குழந்தை முதல் எழுத்தாக எப்படி எழுதும்? ஷீட் தயாரிப்பவர்களும் இதைத் தெரிந்துதான் எழுத்தை ஓரத்தில் சின்னதாகப் போட்டுவிட்டு, பக்கம் முழுக்கப் பானைப் படத்தை நிரப்புகிறார்கள். குழந்தை அரை மணி நேரம் பானைக்கு வண்ணம் தீட்டும். எழுத்தை ஒரு தடவை புள்ளிமேல் இழுத்துவிட்டு எழுந்துவிடும். வண்ணம் தீட்டுவது நல்ல வேலைதான்; ஆனால் அதற்கு எழுத்துப் பயிற்சி என்று பெயர் வைக்க வேண்டாம்.

பண்டிகையை விடாமலே எழுத்துச் சொல்லித் தர ஒரு குறுக்குவழி இருக்கிறது. கொம்பும் காலும் இல்லாத எழுத்தில் தொடங்கும் சொற்களை மட்டும் பொறுக்கிக்கொள்ளுங்கள். கொலு வீட்டில் படி, பழம், பட்டு, மணி, மயில், மஞ்சள், வடை, வளையல், தட்டு, கலசம், சங்கு, அகல். பொங்கலுக்குக் கரும்பு, மஞ்சள், அரிசி. கிறிஸ்துமஸுக்கு மணி, மரம், பரிசு, நட்சத்திரம். நோன்புக்குப் பள்ளிவாசல், கஞ்சி. இவற்றிலிருந்து ப, ம, வ, த, க மட்டும் எடுத்தாலே ஒரு விடுமுறைக்குத் தாராளம். அதோடு குழந்தையின் சொந்தப் பெயரின் முதல் எழுத்து. அது எவ்வளவு சிக்கலான எழுத்தாக இருந்தாலும் பரவாயில்லை. தன் பெயர் என்றால் எழுதாவிட்டாலும் அடையாளம் கண்டுவிடும்.

செலவைப் பார்ப்போம். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளைப் பக்கம் ஓரிரு ரூபாய். கலர் என்றால் பல மடங்கு. வீட்டு இங்க்ஜெட்டில் கலர்ப் பானைகளாக அடித்துத் தள்ளினால் கார்ட்ரிட்ஜ் விலை கண்ணைக் கரிக்கும். ஒரு ஏ4 தாளில் ஒரே ஒரு எழுத்து, பெரிதாக, எங்கே தொடங்க வேண்டும் என்று ஒரு புள்ளியும் அம்புக்குறியும். அவ்வளவுதான் தேவை, அதை ஸ்கெட்ச் பேனாவால் நீங்களே போட்டுவிடலாம். தாளைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஃபோல்டருக்குள் செருகி ஒயிட்போர்டு மார்க்கரால் எழுத வைத்தால், துடைத்துத் துடைத்து விடுமுறை முழுக்க ஓட்டலாம்.

ஷீட்டில் பொம்மைகளை எண்ணி எண் எழுதும் பயிற்சியைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. ஏற்கெனவே எண்ணத் தெரிந்த குழந்தைக்கு எண் எழுதப் பழக உதவும். தெரியாத குழந்தை யூகித்து எழுதும். படத்தை நகர்த்தி வைக்க முடியாதே.

நாலரை வயது தாண்டி, பென்சிலை ஓரளவு பிடிக்கும் குழந்தைக்கு ஷீட் சரியான வழி. அண்ணனோ அக்காவோ வீட்டுப்பாடம் எழுதும்போது "எனக்கும்" என்று அழும் தங்கைக்கும் சரி.

## எழுத்து, எண் பெட்டி

மரத்துண்டு, ஃபோம், காந்தம் என்று பல வகையில் கிடைக்கிறது. வாங்கும் முன் மூன்றைப் பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். திருவிழாக் கடையில் குவித்து விற்பதில் அது இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். இரண்டாவது, காந்தம் தனியாகக் கழன்று வருமா என்று நகத்தால் நெம்பிப் பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தத்தை விழுங்கிய குழந்தையின் குடலில் அவை ஒன்றையொன்று இழுத்துத் துளைபோட்டுவிடும். அது அறுவைச் சிகிச்சை வரை போகிற விஷயம்.

மூன்றாவதுதான் தமிழுக்கே உரிய தொல்லை. சில பெட்டிகளில் உயிர் பன்னிரண்டும் புள்ளி வைத்த மெய் பதினெட்டும் மட்டும் இருக்கும். அதை வைத்து ஃப்ரிட்ஜ் கதவில் 'படம்' என்றுகூட எழுத முடியாது, ப-வும் ட-வும் இல்லையே. அகரம் ஏறிய க, ங, ச வரிசையும், துணைக்கால், கொம்பு, சுழி ஆகியவை தனித் துண்டுகளாகவும் இருக்கிற பெட்டிதான் பள்ளிக்குப் போன பிறகும் பயன்படும். இல்லாவிட்டால் காசை மிச்சம் பிடித்து, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

இதற்கும் பண்டிகைக்கும் தொடர்பு குறைவு. கொலு பார்க்க வருகிறவர்கள் "குழந்தைக்கு என்ன வாங்கலாம்?" என்று கேட்டால் இதைச் சொல்லி வையுங்கள்.

## போனும் டேப்பும்

திட்டப் போவதில்லை. மூன்று வீடு தாம்பூலத்துக்குப் போய்விட்டு வந்து, ராத்திரி பத்துப் பேருக்குச் சமைக்கிற அம்மாவுக்கு இருபது நிமிஷம் தேவைப்படும். அதற்கு வீடியோவைப் போட்டுவிடுவது குற்றமில்லை. அது பாடம் என்று நினைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் விடுவதுதான் ஏமாற்றம். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலில், இரண்டிலிருந்து நான்கு வயது வரை உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, அதற்கும் குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது. விடுமுறைக்கென்று தனிச் சலுகை அதில் கிடையாது.

எண் விஷயத்தில் பாட்டு வீடியோ தருவது வரிசையை மட்டும். எழுத்து விஷயத்தில் உருவத்தை அடையாளம் காண வைக்கும், எழுத வைக்காது. கண்ணாடித் திரையில் விரல் வழுக்கிக்கொண்டு போகும். சில செயலிகள் கோட்டை எந்தப் பக்கமிருந்து இழுத்தாலும் கைதட்டிவிடும். கீழிருந்து மேலே ப எழுதப் பழகிய விரலைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு. ல, ள, ழ மூன்றையும் ஒரே மாதிரி ஒலிக்கும் குரலும் உண்டு. குழந்தைக்குக் கொடுக்கும் முன் நீங்கள் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

தவிர்க்க முடியாவிட்டால், வீடியோக்களை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு இணையத்தை அணைத்துவிடுங்கள். தானாக அடுத்தது ஓடும் வசதியை நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டில் ஒரே செயலியில் பூட்டி வைக்கும் வசதி செட்டிங்ஸிலேயே இருக்கிறது. பிடுங்கும்போது வரும் அழுகைதான் இதன் உண்மையான விலை. "இந்தப் பாட்டு முடிஞ்சதும்" என்று முன்பே சொல்லி வைத்தால் அது கொஞ்சம் குறையும்.

ஊருக்குப் போகும் ராத்திரி ரயில், காய்ச்சலில் படுத்திருக்கும் அம்மா, மருத்துவமனைக் காத்திருப்பு. இந்த இடங்களில் போனை விட்டால் வேறு வழியில்லை, தாராளமாகக் கொடுங்கள்.

## எந்த வீட்டுக்கு எது

பாட்டி, தாத்தா உள்ள வீடு: காசு செலவழிக்காதீர்கள். தாம்பூலப் பை, பார்க், மாவுத் தட்டு மூன்றும் போதும். பாட்டியிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: குழந்தை தப்பாக எண்ணினால் உடனே திருத்தாமல், "திரும்ப ஒரு தடவை தொட்டு எண்ணலாமா?" என்று கேட்கச் சொல்லுங்கள்.

இருவரும் வேலைக்குப் போகும் சின்னக் குடும்பம், கொலு வைக்கவில்லை: தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குத் தட்டும் டம்ளரும் எடுத்து வைக்கும் வேலையைக் குழந்தையிடம் கொடுங்கள். ஆளுக்கொன்று. விருந்தாளி வந்தால் "இன்னும் எத்தனை?" எழுத்துக்குப் பிளாஸ்டிக் ஃபோல்டர் முறை, சனி, ஞாயிறு காலையில் பத்து நிமிஷம்.

மூன்று வயதும் ஐந்து வயதுமாக இரண்டு குழந்தைகள்: கோலம். ஏழு புள்ளியும் பத்தொன்பது புள்ளியும் பக்கத்தில் பக்கத்தில். ஒரே ஷீட்டை இருவருக்கும் கொடுத்தால் பெரியவன் சீக்கிரம் முடித்துவிட்டுச் சின்னவளுடையதையும் முடித்து வைப்பான்.

சிங்கப்பூரிலோ டல்லஸிலோ இருக்கும் வீடு, தமிழ் பேச வேறு ஆள் இல்லை: பாட்டியுடன் பேசும் வீடியோ அழைப்பை வீடியோ பார்ப்பதோடு சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டாம். எதிர்முனையில் பதில் சொல்கிற ஆள் இருக்கிறார். அங்கே பாட்டி இன்றைய பூத்தட்டைக் காட்டட்டும், இங்கே குழந்தை அதே எண்ணிக்கையில் வீட்டிலிருக்கும் எதையாவது எடுத்துக் காட்டட்டும். வீட்டில் 'ஒண்ணு, ரெண்டு', பள்ளியில் 'ஒன், டூ' என்று இரண்டும் கலந்து வருவதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு மொழியில் எண்ணிக்கை புரிந்துவிட்டால், அடுத்த மொழிக்குச் சொற்கள் மட்டும்தான் பாக்கி.

பள்ளியே கட்டுக்கட்டாக விடுமுறை ஷீட் கொடுத்திருக்கிறது: அதை நீங்கள் கேட்கவில்லை, தவிர்க்கவும் முடியாது. கொலு வைக்கும் முன்பே, விடுமுறையின் முதல் இரண்டு மூன்று காலையில் முடித்து மூட்டை கட்டுங்கள். மூன்றரை வயதுக் குழந்தையிடம் பக்கம் பக்கமாக அ, ஆ எழுதச் சொல்லியிருந்தால், கை வலிக்கும்வரை எழுத வைக்காமல் பக்கத்துக்கு ஒரு வரியோடு நிறுத்திவிட்டு, ஓரத்தில் டீச்சருக்கு ஒரு குறிப்பு எழுதி அனுப்புங்கள். பெரும்பாலான டீச்சர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்; அவர்கள் வீட்டிலும் எல்கேஜி குழந்தை இருக்கும்.